இரண்டு டிகிரி கோணல்

போயிங் 747-8 விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கும் ஜென்எக்ஸ் என்ஜினை நேர் எதிரே நின்று பார்த்தால் கண் போவது விசிறிமேல்தான். இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட குறுக்களவு, வாள்போல் வளைந்த கருநிற இதழ்கள். அவற்றைச் சுற்றி நிற்கும் உருளைச் சுவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஓட்டத்தின் நடுவே ஓர் இதழ் வேரோடு முறிந்து தெறித்தால், அது எரிபொருள் தொட்டியையோ விமானத்தின் உடலையோ துளைத்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுவர்தான். இதைக் கணக்குப் போட்டு மட்டும் நிரூபித்துவிட முடியாது. முழு வேகத்தில் சுழலும் என்ஜினில் ஓர் இதழை வெடிவைத்து அறுத்துவிட்டு, சுவர் தாங்குகிறதா என்று மெய்யாகவே சோதித்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு முழு என்ஜின் அந்தச் சோதனைக்குப் பலியாகும்.

நெடுங்காலமாக இந்தச் சுவரை, அதாவது விசிறியின் உறையை, உலோகத்தில்தான் செய்துவந்தார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஜென்எக்ஸில் துணிந்து கார்பன் இழைக்கு மாறியது. ஓஹியோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இருக்கும் ஏ அண்ட் பி டெக்னாலஜி என்ற பின்னல் நிறுவனம் கார்பன் துணியைப் பின்னிக் கொடுத்தது. அந்தத் துணியை அச்சின்மேல் பல அடுக்காகச் சுற்றி, எப்பாக்சிப் பிசினை ஊட்டி, சூட்டில் இறுகவைத்தால் உறை. 2011 அக்டோபரில் 747-8 சரக்கு விமானம் சேவைக்கு வந்தபோது, பின்னிய துணியால் ஆன சுவர் வானத்தில் பறக்கத் தொடங்கியது.

அந்தத் துணிக்குள் இறங்கிப் பார்ப்போம். ஒரு கார்பன் இழையின் தடிமன் 7 மைக்ரான். தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட 12,000 அல்லது 24,000 இழைகள் முறுக்கில்லாமல் பட்டையாகச் சேர்ந்தது ஒரு புரி. இவ்வகை உறைகளுக்கான துணியில் மூன்று திசைப் புரிகள் உண்டு. ஒரு கூட்டம் நேராகப் போகிறது. மற்ற இரண்டும் அதற்கு 60 டிகிரி சாய்வில், ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமுமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிப் போகின்றன. தறித்துணியின் பாவும் ஊடையும் போல இவை செங்கோணத்தில் வெட்டிக்கொள்வதில்லை.

பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இந்த இயந்திரத்தை விளக்கவே வேண்டாம். மேலே கட்டித் தொங்கவிட்ட கயிறுகளின் நுனியைப் பிடித்தபடி பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வருபவரை ஒருமுறை உட்பக்கமாகவும் மறுமுறை வெளிப்பக்கமாகவும் தாண்டுவார்கள். நடுவே பின்னல் வளரும். ஆட்டக்காரர்களின் இடத்தில் நூல் கண்டுகளைச் சுமக்கும் தாங்கிகளை வைத்து, அவை ஓட வளைந்து நெளியும் தடம் போட்டால் அதுவே பின்னல் இயந்திரம். நடுவில் இருக்கும் அச்சை ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். தாங்கிகள் வேகமாகச் சுற்றினால் புரிகள் அதிகம் சாயும். அச்சை வேகமாக இழுத்தால் நிமிரும். அச்சின் ஆரம் மாறும் இடங்களில் சாய்வும் மாறும், ஆகவே இழுக்கும் வேகத்தையும் கூடவே மாற்ற வேண்டும். கணக்கு இவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

கணக்கின்படி 60 டிகிரி வர வேண்டிய இடத்தில் மெய்யாக வருவது வேறு. கண்டில் நூல் குறையக் குறைய இழுவிசை மாறுகிறது. பக்கத்துப் புரியோடு உரசும்போது சில இழைகள் அறுந்து பஞ்சாகிச் சிக்குகின்றன. ஒரு புரி பரந்து படுத்துக்கொள்கிறது, அடுத்தது ஒடுங்கிக்கொள்கிறது. அச்சின்மேல் சுற்றும்போது மேலடுக்கின் மேடுகள் கீழடுக்கின் பள்ளங்களில் போய் அமர்கின்றன. எந்த மேடு எந்தப் பள்ளத்தில் அமரும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. பிசின் பாயும் வேகம் சில புரிகளைத் தள்ளிவிடும். அச்சை மூடி அமுக்கும்போது எல்லாமே இன்னொரு முறை இடம் மாறும். இறுகிய பிறகு, ஒவ்வொரு இழையும் தான் கடைசியாக நின்ற கோணத்தில் நிரந்தரமாக உறைந்துவிடுகிறது.

ஒன்றிரண்டு டிகிரி கோணலில் என்ன குடி மூழ்கிவிடும் என்று தோன்றலாம். இழுக்கும்போது பெரிதாக ஒன்றும் ஆகாது. கோணல் இழை நிமிரத்தான் பார்க்கும். அமுக்கும்போதுதான் வினை. நெருக்குதல் கோணலை அதிகமாக்கும். அதிகமான கோணல், இழையைத் தாங்கி நிற்கும் பிசினைப் பக்கவாட்டில் சறுக்கவைக்கும். சறுக்கல் கோணலை இன்னும் வளர்க்கும். ஒரு கட்டத்தில் பக்கத்து இழைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு மெல்லிய பட்டை முழுதும் மடிந்துவிடும். இதழ் மோதும்போது வளையும் சுவரின் ஒரு முகம் இழுபட்டால் மறுமுகம் நெருக்கப்படுகிறது. ஆகவே எந்த உறையும் இந்த ஆபத்திலிருந்து தப்ப முடியாது.

1965-இல் ரோசன் என்பவர் இழைகள் துல்லியமாக நேராக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு அமுக்க வலிமையைக் கணக்கிட்டார். சோதனையில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு விடை வந்தது. கணக்கில் தவறு இல்லை. இழைகள்தான் நேராக இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அலி ஆர்கன் 1972-இல் கோணலைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். ஹார்வர்டின் பெர்னார்ட் புடியான்ஸ்கி 1983-இல் அதைச் செம்மைப்படுத்தினார். புடியான்ஸ்கியின் சூத்திரத்தில் வழக்கமான எண்களைப் போட்டுப் பாருங்கள். இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளின் சறுக்குவிறைப்பு 5,000 மெகாபாஸ்கல், பிசின் விட்டுக்கொடுக்கும் திரிபு நூற்றில் ஒன்று என்று கொண்டால், கோணலே இல்லாத பொருளின் வலிமை 5,000 மெகாபாஸ்கல். ஒரு டிகிரி கோணலுக்கு அது 1,800 ஆகிறது. இரண்டு டிகிரிக்கு 1,100. மூன்று டிகிரிக்கு 800. முதல் டிகிரியிலேயே வலிமையில் பாதிக்கும் மேல் போய்விட்டதைக் கவனிக்க வேண்டும். மெய்யான கார்பன் கூட்டுப்பொருட்களின் அமுக்க வலிமையும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மெகாபாஸ்கல் வட்டாரத்தில்தான் கிடைக்கிறது. அதாவது நாம் விலை கொடுத்து வாங்கும் வலிமையை முடிவு செய்வது கார்பனின் வலிமையைவிட அதன் கோணல்தான்.

ஆகவே கோணலை அளக்க வேண்டும். எப்படி அளப்பது?

பழைய வழி, பொருளை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. உருளை வடிவ இழையைச் செங்குத்தாக வெட்டினால் வட்டம் தெரியும். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம். நீள்வட்டத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் சாய்வு கிடைத்துவிடும். ஆனால் 7 மைக்ரான் இழை ஒரு டிகிரி சாய்ந்தால், செங்குத்து வெட்டில் அதன் வட்டம் நீள்வது ஒரே ஒரு நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியால் பிரித்தறிய முடிவது சுமார் 200 நானோமீட்டர். கண்ணுக்கு எட்டவே எட்டாது.

1987-இல் யுர்கார்ட்டிஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தந்திரம் இதுதான், ஏனென்றால் ஒரு புதிய கருவியும் இதற்குத் தேவைப்படவில்லை. இழைகளுக்குக் குறுக்கே வெட்டுவதற்குப் பதில், அவற்றை ஒட்டினாற்போல் மிகக் குறைந்த சாய்வில், ஏறத்தாழ 5 டிகிரியில் வெட்டினார். இப்போது நேரான இழையின் வெட்டுமுகம் 80 மைக்ரான் நீளமுள்ள ஒல்லியான நீள்வட்டம். இழை ஒரு டிகிரி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் 100 மைக்ரான். இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் 67. ஒரு நானோமீட்டராக ஒளிந்திருந்த வேறுபாடு 20 மைக்ரானாகப் பெருகிவிட்டது. சாதாரண நுண்ணோக்கியில் ஆயிரக்கணக்கான நீள்வட்டங்களை எண்ணி அளந்துவிடலாம். பக்கத்துப் பக்கத்து இழைகள்கூட ஒரே கோணத்தில் நிற்பதில்லை என்றும், கோணல்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவத்தில் பரவியிருக்கின்றன என்றும் இந்த வகை அளவீடுகள் காட்டின.

குறை ஒன்று உண்டு: வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. அந்தத் துண்டைப் பிறகு அமுக்கி உடைத்துப் பார்க்க வழியில்லை. மேலும் ஒரு தளத்தில் இருப்பது மட்டுமே தெரிகிறது. ஏறி இறங்கும் பின்னலில் புரி எங்கே எழுந்து எங்கே அமிழ்கிறது என்பது மூன்று பரிமாணக் கேள்வி.

மருத்துவமனையில் நோயாளியைப் படுக்கவைத்து எடுக்கும் சி.டி. ஸ்கேன் இங்கேயும் வந்தது. ஆய்வகத்தில் கருவி அசையாது, பின்னல் துண்டுதான் மெல்லச் சுழலும். நூற்றுக்கணக்கான கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, கணினி அவற்றைச் சேர்த்து உள்ளிருப்பதை முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பும். ஆனால் ஒரு நெருக்கடி உடனே எதிர்ப்படும். உணரி அகலவாக்கில் 2,000 புள்ளிகள் கொண்டது என்று வையுங்கள். நாசாவின் கிளென் ஆய்வு மையம் ஜென்எக்ஸ் மாதிரியான பின்னலை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அதில் வடிவம் ஒருமுறை முழுமையாகத் திரும்பி வருவதற்கு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் உயரமும் தேவை. அந்த 18 மில்லிமீட்டரைப் படத்தில் அடக்கினால் ஒரு புள்ளிக்கு 9 மைக்ரான். இழையோ 7. இழையைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மைக்ரானுக்கு இறங்க வேண்டும். அப்போது பார்வைக்குள் வருவது 2 மில்லிமீட்டர், அரைப் புரிகூடத் தேறாது. இழையைப் பார்த்தால் பின்னல் தெரியாது, பின்னலைப் பார்த்தால் இழை தெரியாது.

போதாக்குறைக்குக் கார்பனும் எப்பாக்சியும் எக்ஸ்ரே கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடர்த்தி ஒன்றுக்கு 1.8, மற்றதற்கு 1.2; இரண்டும் லேசான தனிமங்களால் ஆனவை. படம் சாம்பல்மேல் சாம்பலாக வரும். கண்ணாடி இழைப் புரிகளை அங்கங்கே கலந்து பின்னி, அவை பளிச்சென்று தெரிவதை வைத்து மற்றவற்றின் போக்கை ஊகிப்பது ஒரு வழி.

இன்னொரு வழி கணிதம். மங்கலான படத்தில் ஒரு சிறு கனசதுரத்தை எடுத்துக்கொண்டு, சாம்பல் நிறம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்கிடுகிறார்கள். இழைகளுக்குக் குறுக்கே போனால் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும். இழையோடு சேர்ந்தே போனால் மாற்றம் மிகக் குறைவு. ஆகவே நிறம் எந்தத் திசையில் மிகக் குறைவாக மாறுகிறதோ அதுதான் இழையின் திசை. ஒவ்வோர் இழையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கோடுகளின் சாயல் இருந்தால் போதும். இப்படி அந்தத் துண்டுக்குள் இடத்துக்கிடம் ஒரு கோணம் கிடைத்துவிடுகிறது. லட்சக்கணக்கான கோணங்கள்.

லட்சக்கணக்கான கோணங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அடுத்த சிக்கல். இந்தத் துறையின் அசல் சுவாரசியமும் அங்கேதான்.

வழக்கமாகப் பொறியாளர்கள் செய்தது, திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை, அதாவது அலகுக்கூட்டை, கணினியில் அழகாக வரைந்து, உலகம் முழுதும் அதன் நகல்களே என்று பாவித்துக்கொள்வது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டெக்ஸ்ஜென், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பிறந்த வைஸ்டெக்ஸ் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்யும். அவற்றின் படங்கள் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. புரிகள் வழுவழுவென்று, ஒன்றுபோல் ஒன்று. விறைப்பைக் கணிக்க அது போதும். விறைப்பு என்பது பொருள் முழுதும் சேர்ந்து கொடுக்கும் சராசரி; இங்கே கூடியது அங்கே குறைந்ததோடு கழிந்துவிடும். வலிமைக்குச் சராசரி உதவாது. பொருள் உடைவது அதன் மிக மோசமான இடத்தில். ஸ்வீடன் பொறியாளர் வெய்புல் 1939-லேயே இதைக் கணிதமாக எழுதிவைத்தார்: துண்டு பெரிதாக ஆக, அதற்குள் மிக மோசமான இடம் ஒன்று இருப்பதற்கான வாய்ப்பும் கூடும். எல்லா இடமும் நகல் என்று வைத்துக்கொண்ட மாதிரியில் மோசமான இடம் என்ற ஒன்றே கிடையாது.

சரி, அழகான மாதிரியை எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் தற்செயலாகக் கொஞ்சம் நகர்த்திவிட்டால் என்ன? அதுவும் தப்பு. புரி தாறுமாறாகத் துடிக்கும் கோடாகிவிடும். கார்பன் இழை அப்படி வளையாது. ஓரிடத்தில் இடப்பக்கம் விலகிய புரி, அடுத்த மில்லிமீட்டரிலும் இடப்பக்கம்தான் இருக்கும். அதன் விலகலுக்கு ஒரு ஞாபகம் உண்டு, அந்த ஞாபகத்துக்கு ஒரு நீளம் உண்டு.

கலிபோர்னியாவில் பிரையன் காக்ஸ், ராபர்ட் ரிட்சி முதலானவர்கள் அடங்கிய குழு ஒழுங்கான வடிவத்தையும் தற்செயலான விலகலையும் பிரித்தெடுக்கும் முறையை 2012-இல் வெளியிட்டது. பெர்க்லியின் சிங்க்ரோட்ரான் ஒளியில் அவர்கள் படமெடுத்தது தறியில் நெய்த பீங்கான் கூட்டுப்பொருளை. ஆனால் முறை பின்னலுக்கும் அப்படியே பொருந்தும். ஒரே வேலையைச் செய்யும் புரிகளையெல்லாம் ஓர் இனமாகச் சேர்த்துக்கொள்வது. அவற்றை வடிவம் திரும்பும் இடைவெளிக்கு ஏற்ப வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது. அப்போது நடுவில் தெரியும் பொதுப்போக்கு பின்னலின் வடிவமைப்பிலிருந்து வருவது. மற்றொரு புரியின்மேல் ஏறுவதால் உண்டாகும் வளைவு அதில் அடங்கும். அந்த வளைவைப் பிழை என்று சொல்வது நியாயமில்லை. அடுக்குகள் பிரிந்து போகாமல் கட்டிப்பிடித்து, மோதலைத் தாங்கவைப்பதே அதுதான். உறைக்குப் பின்னலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பொதுப்போக்கைக் கழித்தபின் மிஞ்சுவதே உண்மையான ஒழுங்கின்மை. அதற்கு இரண்டு எண்கள் போதும்: எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் திட்ட விலக்கம், எவ்வளவு தூரத்துக்கு அந்த விலகலை நினைவில் வைத்திருக்கிறது என்று சொல்லும் ஒட்டுறவு நீளம்.

இந்த இரண்டு எண்களையும் கணினிக்குக் கொடுத்தால், இல்லாத புரிகளை அது பின்னத் தொடங்கும். அடுத்த புள்ளியின் விலகல் என்பது, இப்போதைய விலகலில் ஒரு பங்கும் புதிதாக ஒரு சிறு தற்செயலும் சேர்ந்தது. மார்கோவ் சங்கிலி என்று கணிதத்தில் சொல்வார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஒட்டுறவு நீளம் தீர்மானிக்கும். இப்படி நூறு துண்டு, ஆயிரம் துண்டு என்று எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஆனால் எல்லாமே அசல் பின்னல் கோணுவதைப் போலவே கோணும். ஒவ்வொன்றையும் கணினியிலேயே அமுக்கி உடைத்தால், வலிமைக்கு ஒரே ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு பரவல் கிடைக்கும். விமானப் பொறியாளருக்குத் தேவை அந்தப் பரவலின் கீழ்க்கோடி.

லூவனில் வனார்ஸ்கோட், லோமோவ், வாண்டெபிட்டே ஆகியோர் காக்ஸோடு சேர்ந்து கார்பன் துணியில் இதைச் செய்தபோது ஒரு சங்கடம் வெளிப்பட்டது. புரி மேலும் கீழும் விலகுவதற்கு ஞாபகம் குறுகியது. துணியின் தளத்திலேயே பக்கவாட்டில் விலகுவதற்கோ ஞாபகம் அலகுக்கூட்டின் அளவையும் தாண்டி நீள்கிறது. பக்கத்துப் புரிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால் ஒன்று நகர்ந்தால் அடுத்ததும் நகரத்தானே செய்யும்? சி.டி. ஸ்கேனின் சின்னப் பார்வைக்குள் இது அகப்படவில்லை. துணியின் மேற்பரப்பைப் பெரிய பரப்புக்கு ஸ்கேன் செய்துதான் இதைப் பிடித்தார்கள். அலகுக்கூடு ஒன்றை வரைந்து நகலெடுக்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை என்பது என் எண்ணம்: கோணலின் ஓர் அலை, நாம் நகலெடுக்கும் துண்டைவிடவே நீளமானது.

வேறொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு புரியையும் தனித்தனியாகக் கோணலாக்கினால், இரண்டு புரிகள் ஒன்றன் உடலுக்குள் மற்றொன்று புகுந்துவிடும். கணினிக்கு அது தவறென்று தெரியாது. உட்புகுந்த இடங்களையெல்லாம் தேடி விலக்க வேண்டும். விலக்கும்போது நாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்த புள்ளிவிவரம் கெட்டுவிடாமலும் இருக்க வேண்டும். இதனால் சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்கள். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் யூச்சி வாங், சுவேகுன் சன் இருவரும் 2001-இல், நூலைச் சிறு சிறு கம்பித் துண்டுகள் கீல்போட்டு இணைந்த சங்கிலியாகப் பாவித்து, இயந்திரம் பின்னுவதையே கணினிக்குள் நடத்தினார்கள். புரிகள் ஒன்றையொன்று தொட்டால் தள்ளிக்கொள்ளும்; உட்புக வழியில்லை. கோணல் தானாகவே பிறக்கும். நேரம்தான் ஏராளமாகப் பிடிக்கும்.

இதற்கிடையே பின்னும் கூடத்திலேயே கோணலைப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. பளபளக்கும் கார்பன் இழை, ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு விதமாக மின்னும்; பல திசைகளிலிருந்து மாறி மாறி விளக்கைப் போட்டுப் படமெடுத்தால் மேற்பரப்பின் கோணம் கிடைத்துவிடும். கார்பனில் மின்சாரம் ஓடும் என்பதால், உயர் அதிர்வெண் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அடியடுக்குகளின் திசையையும் ஓரளவு அறியலாம். பிசின் ஊட்டுவதற்கு முன்பே கோணல் தெரிந்தால் திருத்த இடமிருக்கிறது. இறுகியபின் தெரிந்தால் தூக்கி எறியத்தான் வேண்டும்.

சி.டி. படத்தில் எது எந்தப் புரி என்று எல்லை பிரிக்கும் வேலை மட்டும் இன்னும் கழுத்தைப் பிடிக்கிறது. செயற்கை நரம்புப் பிணையங்களை இதற்குப் பழக்குகிறார்கள். பழக்க விடை தெரிந்த படங்கள் ஏராளமாக வேண்டும்; அவற்றுக்கு ஒரு வழி, கணினி பின்னிய பொய்ப் பின்னல்களுக்கு எக்ஸ்ரே எடுத்ததுபோல் பொய்ப் படங்கள் தயாரிப்பது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் எந்தப் புரியைச் சேர்ந்தது என்பது முன்பே தெரியும். வழுவழுப்பான பின்னல்களை மட்டும் பார்த்துப் பழகிய பிணையம் அசல் படத்தில் திணறும் என்பதால், பொய்ப் பின்னலிலும் அசலில் அளந்த கோணல்களைக் கலக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பழகிய பிணையமும், இரண்டு புரிகள் அழுந்தி ஓரம் மங்கிய இடங்களில் தடுமாறும். அங்கே வந்ததும் ஓர் ஆராய்ச்சி மாணவர் மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்டுமுகம் வெட்டுமுகமாக எல்லை வரையத் தொடங்குகிறார்.